கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பது: புதிய தலைமையாசிரியருக்கு ஆசிரியர் மதிப்பீட்டு வழிகாட்டி

கடலூர் மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் பதவி உயர்வில் தலைமையாசிரியராக வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அல்லது புதுச்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். நேற்றுவரை ஸ்டாஃப் ரூமில் உங்களோடு உட்கார்ந்து டீ குடித்தவர்களின் வகுப்பை இனி நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும், மதிப்பிட வேண்டும், அவர்கள் மேம்பட உதவவும் வேண்டும். முதல் இரண்டுக்கும் படிவம் இருக்கிறது. மூன்றாவதை எப்படிச் செய்வது என்று யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தருவதில்லை. இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது வேலையைப் பற்றியது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியரை மதிப்பிட்டதால் பயன் உண்டா என்று பார்க்க ஒரே வழிதான் இருக்கிறது: அடுத்த வாரம் அவர் வகுப்பில் ஏதாவது ஒன்று, ஒன்றே ஒன்று, வேறு மாதிரி நடக்கிறதா? நடந்தால் மதிப்பீடு வேலை செய்தது. நடக்கவில்லை என்றால், படிவத்தை எவ்வளவு அழகாக நிரப்பியிருந்தாலும் இரண்டு பேருடைய நேரமும் வீண்.

பயம் எங்கிருந்து வருகிறது

நம் பக்கத்தில் ஓர் ஆசிரியரிடம் "உங்க வகுப்பை மதிப்பீடு பண்ணப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் மனதில் ஓடுவது விசிட், விளக்கம் கேட்பு, மெமோ. அரசுப் பள்ளி என்றால் ஒழுங்கு நடவடிக்கை விதிகளான 17ஏ, 17பி வரைக்கும் போகும். தனியார் பள்ளி என்றால் இன்கிரிமென்ட்.

இந்தப் பயத்துக்கு வயது அதிகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் உதவி பெறும் பள்ளிகளுக்கான மானியத்தைத் தேர்வு முடிவோடு கட்டிப்போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளைச் சோதிப்பார், தேறியவர்களின் கணக்குப்படி பள்ளிக்குப் பணம். அந்த முறை ஒழிந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. பழக்கம் மட்டும் ஒழியவில்லை. இன்றும் பார்வையிட வருகிறவர் வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு பையனை எழுப்பி ஏழாம் வாய்ப்பாடு கேட்கிறார். அவன் தடுமாறினால் எல்லோரும் ஆசிரியர் முகத்தைப் பார்க்கிறார்கள்.

நீங்களும் அப்படித்தான் பார்க்கப்பட்டிருப்பீர்கள். அதனால் உங்களுக்குத் தெரியாமலே அதையே செய்வீர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்கினால் போதும்.

படி 1: இரண்டு நோட்டுகளைப் பிரித்து வையுங்கள்

தலைமையாசிரியருக்கு ஆய்வு செய்யும் கடமை இருக்கிறது. பாடக்குறிப்பு எழுதியிருக்கிறார்களா, போர்ஷன் எங்கே இருக்கிறது, வருகை சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பதிய வேண்டும். அது ஒரு நோட்டு. மேலதிகாரி கேட்டால் காட்ட வேண்டியது. வளர்ச்சிக்காகப் பார்ப்பது இன்னொரு நோட்டு. இதில் மதிப்பெண் கிடையாது, 'நன்று', 'சுமார்' கிடையாது. எழுதியதன் ஒரு நகல் அன்றே ஆசிரியர் கைக்குப் போக வேண்டும். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் போகக் கூடாது. பாராட்டுகூட வேண்டாம், ஒருவரைப் பாராட்டிப் போட்டால் மற்ற ஏழு பேரும் தங்களைப் பற்றி ஏன் போடவில்லை என்றுதான் யோசிப்பார்கள்.

ஜூன் மாத முதல் ஆசிரியர் கூட்டத்திலேயே இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். விதிவிலக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளையை அடிப்பதைப் பார்த்தால் அது வளர்ச்சி நோட்டில் அடங்கும் விஷயம் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அதற்கு வேறு வழி இருக்கிறது, அந்த வழியில்தான் போவீர்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பிறகு யாரும் நம்பிக்கைத் துரோகம் என்று சொல்ல முடியாது.

தனியார் பள்ளிகளில் இந்தப் பிரிவினை இன்னும் முக்கியம். சம்பள உயர்வைத் தீர்மானிக்கும் ஆளும் வகுப்பறையில் உட்கார்ந்து உதவும் ஆளும் ஒருவராக இருந்தால் எந்த ஆசிரியரும் தன் குறையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். முடிந்தால் நிர்வாகத்திடம் பேசி, இரண்டில் ஒரு வேலையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: முதலில் உங்கள் வகுப்பைத் திறந்து வையுங்கள்

நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியருக்கும் பாடவேளை உண்டு. நல்லதாகப் போயிற்று. மற்றவர் வகுப்புக்குள் நுழைவதற்கு முன் இரண்டு ஆசிரியர்களை உங்கள் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். "நான் கேட்கிற கேள்விக்கு யார் யார் பதில் சொல்றாங்கன்னு மட்டும் குறிச்சுக் கொடுங்க" என்று வேலையையும் கொடுத்துவிடுங்கள். வகுப்பு முடிந்ததும் அவர்கள் குறித்ததை ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் நீங்களே எடுத்துப் பேசுங்கள்.

கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் சுற்றறிக்கை ஒன்று அனுப்பி வராத நம்பிக்கை இந்த ஒரு பீரியடில் வந்துவிடும். உங்களைவிட வயதில் மூத்தவர்கள் இருக்கும் பள்ளியில் இதைத் தவிர வேறு குறுக்குவழி எனக்குத் தெரியாது.

படி 3: எதைப் பார்ப்பது என்பதை ஆசிரியரே தேர்ந்தெடுக்கட்டும்

தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்கென்று என்.சி.இ.ஆர்.டி. 2013-இல் பிண்டிக்ஸ் என்ற செயல்திறன் குறியீடுகளை வெளியிட்டது. கற்றல் அனுபவங்களைத் திட்டமிடுதல், பாட அறிவு, கற்றலுக்கு வழிசெய்யும் உத்திகள், பிறரோடு பழகும் முறை, தொழில் வளர்ச்சி, பள்ளி வளர்ச்சி, வருகை என்று ஏழு தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் பல குறியீடுகள், நான்கு நிலைகள். ஆசிரியர் முதலில் தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. நடைமுறையில் என்ன ஆகிறது? பெரும்பாலும் எல்லாக் கட்டத்திலும் மூன்று, இடையில் இரண்டு நான்கு, கையெழுத்து.

அந்தப் பட்டியலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை நிதானமாக நிரப்புங்கள். ஆனால் வகுப்பைப் பார்க்கப் போகும்போது ஏழு தலைப்புகளையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரே கேள்வியோடு போங்கள். அந்தக் கேள்வி ஆசிரியருடையதாக இருக்கட்டும். வகுப்புக்குப் போவதற்கு ஓரிரு நாள் முன்பு ஐந்து நிமிடம் பேசினாலே கேள்வி கிடைத்துவிடும். "இந்த வகுப்புல உங்களுக்கு எது இழுவையா இருக்கு?" என்று கேளுங்கள். வரும் பதில்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"அரும்பு, மொட்டு, மலர் மூணு பேரும் ஒரே அறையில. மலரைக் கவனிச்சா அரும்பு அப்படியே உக்காந்திருக்கு." அரும்பு, மொட்டு, மலர் என்பவை கற்றல் நிலையை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் குழுக்கள். அப்படிப் பிரிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும், அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்ததிலிருந்து தொடக்க வகுப்புகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. இங்கே பார்க்க வேண்டியது ஒவ்வொரு குழுவும் ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் என்ன செய்கிறது என்பதை.

"கேள்வி கேட்டா நாலு பேர்தான் சார் பதில் சொல்றாங்க." யாருக்குக் கேள்வி போகிறது, பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று பாருங்கள்.

"நோட்டைத் திருத்திக்கிட்டே இருக்கேன், அதே தப்பு திரும்ப வருது." இதற்கு வகுப்பில் உட்காரவே தேவையில்லை. ஐந்து நோட்டுகளை வாங்கி இரண்டு பேரும் சேர்ந்து புரட்டினால் போதும். திருத்திய தவறை மாணவர் மறுபடி எழுதிப் பார்த்திருக்கிறாரா, சிவப்பு மையில் ஒரு டிக் மட்டும் இருக்கிறதா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சிலர் "எல்லாம் நல்லாத்தான் போவுது" என்பார்கள். வற்புறுத்த வேண்டாம். "அப்ப யார் பேசுறாங்கன்னு மட்டும் பார்க்கிறேன்" என்று நீங்களே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பதை ஆசிரியரின் கடமையாகவே சொல்கிறது. ஆகவே பிள்ளைகள் கற்கிறார்களா என்று பார்ப்பது யாருடைய கௌரவத்தையும் தொடும் விஷயம் இல்லை.

படி 4: மழையைக் கணக்கில் வைத்து நாள் குறியுங்கள்

இதை மற்ற ஊர்க்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் பார்க்க முடியாது. கடலூரிலும் புதுச்சேரியிலும் அக்டோபர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரை எதையும் நம்பித் திட்டமிட முடியாது. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல், 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளம், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் என்று நினைவிலேயே இத்தனை இருக்கிறது. புயல் வராத ஆண்டிலும் கெடிலத்திலும் தென்பெண்ணையிலும் தண்ணீர் வந்தால் விடுமுறை, பள்ளிக் கட்டடமே நிவாரண முகாம், திறந்ததும் சனிக்கிழமை ஈடுசெய்யும் வகுப்பு. அந்த நேரத்தில் நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போனால் யாருக்கும் எரிச்சல்தான் வரும்.

முதல் சுற்று ஜூலை, ஆகஸ்ட். காலாண்டு விடுமுறை முடிந்து வரும் ஓரிரு வாரத்தில் மறுபார்வை. இரண்டாம் சுற்று பொங்கலுக்குப் பிறகு, பிப்ரவரி பாதி வரை. மார்ச்சில் யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள்.

எவ்வளவு நேரம் என்றால், முழுப் பாடவேளையும் தேவையில்லை. உலக வங்கி 2019-இல் வெளியிட்ட வகுப்பறை உற்றுநோக்கல் கருவியே பதினைந்து நிமிடப் பகுதிகளாக இரண்டு முறை பார்க்கத்தான் சொல்கிறது. எட்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் வாரம் இரண்டு பேர், ஆளுக்கு இருபது நிமிடம் என்று வைத்தால் ஒரு மாதத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். மூன்றாவது ஆளை அதே வாரத்தில் சேர்க்க ஆசை வரும். வேண்டாம். பார்த்தபின் உட்கார்ந்து பேசவும் நேரம் வேண்டும்.

ஈராசிரியர் பள்ளியாக இருந்தால்? நீங்கள் இன்னொரு வகுப்புக்குப் போனால் உங்கள் வகுப்பில் யாருமே இல்லை. இரண்டு வழி இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையத்தில் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரோடு பேசி, ஆசிரியர் பயிற்றுநர் வரும் நாளில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஆசிரியரே தன் செல்போனில் பதினைந்து நிமிடம் ஒலிப்பதிவு செய்து மாலையில் தனியாகக் கேட்கலாம். வீடியோ வேண்டாம், பிள்ளைகளின் முகம் அதில் இருக்கும், ஒருமுறை எடுத்தது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. குரல் போதும். தான் எவ்வளவு நேரம் பேசினோம் என்று கேட்டுப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அதிர்ந்துதான் போகிறார்கள். யாரும் சொல்லாமலே பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

படி 5: உள்ளே போனதும்

மணி அடித்து வகுப்பு தொடங்குவதற்கு முன்பே போய்விடுங்கள். நடுவில் நுழைந்தால் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து "வணக்கம் ஐயா" சொல்லி, பாடம் அறுந்துவிடும். பின்னால் ஒரு மூலையில், பிள்ளைகளின் முகம் ஓரளவு தெரியும்படி உட்காருங்கள். நாற்காலியைத் தூக்கி வரச் சொல்லாதீர்கள். கடைசி பெஞ்சிலேயே இடம் இருக்கும்.

உங்கள் கண் இயல்பாகவே ஆசிரியர் மேல் போகும். அதைப் பிள்ளைகள் பக்கம் திருப்புவதுதான் இந்த வேலையில் பழக வேண்டிய ஒரே கஷ்டமான பழக்கம். ஆசிரியர் அருமையாகப் பேசிக்கொண்டிருக்கலாம். மூன்றாம் வரிசைப் பெண் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு வேறு பக்கத்தைத் திறந்து வைத்திருக்கலாம். உங்களுக்குத் தேவையான செய்தி அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

நோட்டில் இடது பக்கம் நேரம், அதற்கு நேரே கண்டதும் கேட்டதும். தீர்ப்பு கிடையாது. ஐந்தாம் வகுப்புப் பின்னங்கள் பாடத்தை வைத்து ஒரு மாதிரி தருகிறேன்:

10.12: "முக்கால் பெருசா, அரை பெருசா?" கேட்டதும் உடனே முன்வரிசை மாணவி பதில்.
10.13: "ஏன்?" யாரும் பேசவில்லை. ஆசிரியரே விளக்குகிறார்.
10.16: கரும்பலகையில் வட்டம் வரைந்து நான்காகப் பிரிப்பு. பின்வரிசையில் நான்கு பேர் வரைகிறார்கள், இருவர் வட்டத்தைச் சமமாகப் பிரிக்கவில்லை.
10.21: "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது டீச்சர்" என்று மொத்தமாகப் பதில்.
10.24: என் பக்கத்துப் பையன் நோட்டில் 3/4 + 1/4 = 4/8.

இந்த ஐந்து வரிகளில் 'ஈடுபாடு குறைவு' என்று எங்கும் இல்லை. ஆனால் படிக்கும் ஆசிரியருக்கு எல்லாம் தெரிந்துவிடும். 'மாணவர் பங்கேற்பை மேம்படுத்தவும்' என்று எழுதியிருந்தால் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்திருப்பார்.

இன்னொரு எளிய கருவி இருக்கை வரைபடம். ஒரு பக்கத்தில் வகுப்பின் வரிசைகளைக் கட்டங்களாக வரைந்து, கேள்வி போகும் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். இருபது நிமிடத்தில் படம் தானாகப் பேசும்.

காத்திருக்கும் நேரத்தையும் கவனியுங்கள். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைப் பதிவுகளை ஆராய்ந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மூன்று விநாடிக்குச் செலவு எதுவும் இல்லை. பயிற்சிப் படி கேட்டு யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை.

செய்யக் கூடாதவை: நடுவில் எழுந்து பாடத்தை எடுத்துக்கொள்வது, பிள்ளைகளைச் சோதிப்பது, ஆசிரியர் சொன்ன தவறை அங்கேயே திருத்துவது, எமிஸ் (பள்ளி விவரங்களைப் பதியும் அரசுத் தளம்) வேலைக்காகப் போனை நோண்டுவது. கடைசியாகச் சொன்னதைத்தான் நாம் அதிகம் செய்கிறோம். வெளியே வரும்போது ஆசிரியரைப் பார்த்துத் தலையசைத்து "மத்தியானம் பேசலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால் அவர் மதியச் சாப்பாடு இறங்காது.

படி 6: பேசும் பதினைந்து நிமிடம்

அன்றே பேசுங்கள், முடியாவிட்டால் மறுநாள். உங்கள் அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் நீங்களும் அந்தப் பக்கம் அவரும் இருந்தால் அது விசாரணை. பிள்ளைகள் போனபின் அவர் வகுப்பறையிலேயே, பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டை நடுவில் வைத்துப் பேசுவது நல்லது.

பலருக்கும் ஒரு பழக்கம் உண்டு: முதலில் ஒரு பாராட்டு, பிறகு குறை, கடைசியில் இன்னொரு பாராட்டு. "உங்க குரல் நல்லா கணீர்னு இருக்கு டீச்சர், ஆனா..." என்று தொடங்கும்போதே அவர் அந்த 'ஆனா'வுக்காகக் காத்திருப்பார். குரல் கணீர் என்றிருப்பது அவர் காதில் விழவே விழாது. பாராட்ட வேண்டியிருந்தால் குறிப்பாகச் சொல்லி, அத்தோடு நிறுத்துங்கள்: "தப்பாப் பிரிச்ச வட்டத்தை அழிக்காம, அதையே பலகையில வரைஞ்சு 'இது சமமா?'ன்னு கேட்டீங்க பாருங்க, அப்பதான் அந்த ரெண்டு பசங்களும் நிமிர்ந்தாங்க."

மேலே சொன்ன வகுப்பைப் பார்த்தபின் பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகலாம்.

"இன்னிக்கு வகுப்பு எப்படிப் போச்சுன்னு உங்களுக்குத் தோணுது டீச்சர்?"

"பரவாயில்ல சார். பின்னாடி பசங்கதான் கொஞ்சம் பின்தங்குறாங்க."

"இந்தப் படத்தைப் பாருங்க. மொத்தம் பதினாறு கேள்வி. இந்த மூணுக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க. மிச்சத்துல பதினொண்ணு முன்னாடி ரெண்டு வரிசை."

"அடக் கடவுளே. பதினொண்ணா? நான் எல்லாரையும் கேட்டதாத்தான் நினைச்சேன்."

"கடைசி வரிசையில இவன் நோட்டுல என்ன எழுதியிருக்கான் பாருங்க."

"மேலயும் கீழயும் கூட்டிட்டான். 'புரிஞ்சுது'ன்னு இவனும் சேர்ந்துதானே சொன்னான்?"

"எல்லாரும் என்ன நினைக்கிறாங்கன்னு ஒரே நேரத்துல பார்க்க ஏதாவது வழி இருக்கா?"

"சிலேட்டு இருக்கு சார், பீரோவுல கட்டுக் கட்டா. பதிலை எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லலாம்."

"ஒரு பாடத்துக்கு ரெண்டே ரெண்டு கேள்விக்கு மட்டும் அப்படிச் செஞ்சு பாருங்க. ரெண்டு வாரம் கழிச்சு நான் வந்து அதை மட்டும் பார்க்கிறேன்."

தீர்வை ஆசிரியர் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். நீங்களே சிலேட்டைப் பரிந்துரைத்திருந்தால் நீங்கள் வரும் நாளில் மட்டும் சிலேட்டு பீரோவிலிருந்து வெளியே வரும். அவருக்கு வழி தோன்றாவிட்டால் இரண்டு மூன்று யோசனை சொல்லி அவரையே எடுக்கச் சொல்லலாம். மாற்றம் ஒன்று, அளவு சிறியது, தேதி குறித்தது. இதற்கு மேல் எதையும் அந்த நோட்டில் எழுத வேண்டாம். நீங்கள் கவனித்த மற்ற ஐந்து குறைகளும் காத்திருக்கட்டும்.

சொன்ன தேதியில் போங்கள். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஒருமுறை போகாமல் விட்டால், இதுவும் மற்ற விசிட் மாதிரிதான் என்று ஆசிரியர் முடிவு செய்துவிடுவார். அப்புறம் மீட்பது கடினம்.

படி 7: ஒருவர் பிரச்சினையா, பள்ளியின் பிரச்சினையா

ஒரு சுற்று முடிந்ததும் நோட்டைப் புரட்டுங்கள். எட்டுப் பேரில் ஐந்து பேரிடம் அதே குறை இருந்தால் அது பள்ளியின் தேவை. அப்போது ஐந்து பேருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்காமல் வெளியிலிருந்து உதவி கேளுங்கள். குறுவள மையக் கூட்டத்தில் எதைப் பேசலாம் என்று ஆசிரியர் பயிற்றுநர் கேட்கும்போது நம்மிடம் பதில் இருப்பதில்லை. இப்போது இருக்கும். வட்டார வள மையத்துக்கும், வடலூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கும் 'பயிற்சி தேவை' என்று பொதுவாக எழுதுவதைவிட, 'ஐந்தாம் வகுப்பில் பின்னங்களைக் கூட்டும்போது வரும் தவறுகளைக் கையாள உதவி தேவை' என்று எழுதினால் வருகிற ஆளும் தயாராக வருவார்.

புதுச்சேரிப் பக்கம் நிலைமை கொஞ்சம் வேறு. தமிழ்நாடு ஏற்காத தேசியக் கல்விக் கொள்கை 2020 அங்கே நடைமுறையில் இருக்கிறது. ஓர் ஆசிரியர் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில் வளர்ச்சிப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது அந்தக் கொள்கை. அதோடு அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் 2023-24 முதல் சி.பி.எஸ்.இ.-க்கு மாறின. பாடநூல் மாறி, வினா கேட்கும் விதமும் மாறிய நேரத்தில், ஐம்பது மணியை எதை வைத்து நிரப்புவது என்பதற்கு வகுப்பறைக் குறிப்புகளைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பாடங்கள் உள்ள தீக்ஷா இணையதளத்தில் கிடைக்கும் பாடங்களில் கண்ணில் பட்டதை எடுத்துச் சான்றிதழ் அச்சிடுவதும், இந்த ஆசிரியருக்கு இந்தக் குறைக்கு இந்தப் பாடம் என்று தேர்ந்தெடுப்பதும் ஒன்றாகாது. ஆனால் பயிற்சிக்கு அனுப்புவதைத் தண்டனையாக ஆக்கிவிடாதீர்கள். "இவர் வகுப்பு சரியில்லை, பயிற்சிக்கு அனுப்புங்க" என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் பயிற்சிக்குப் போகிற எல்லோருமே தலைகுனிந்துதான் போவார்கள்.

வெளியே போகாமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஜப்பானியப் பள்ளிகளில் ஆசிரியர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பிள்ளைகளை மட்டும் கவனிப்பார்கள். பிறகு பாடத்தைத் திருத்துவார்கள். திருத்தப்படுவது பாடம் என்பதால் நடத்தியவருக்கு வலிக்காது. பருவத்துக்கு ஒன்று செய்தாலும் போதும்.

மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை அளக்கலாமா

சுருக்கமாகச் சொன்னால், தனியாக அதை மட்டும் வைத்து அளக்காதீர்கள். பன்னிரண்டு பேர் படிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை தேர்வன்று காய்ச்சலில் படுத்துவிட்டால் தேர்ச்சி எட்டு விழுக்காட்டுக்கு மேல் இறங்கிவிடும். மீனவக் கிராமமான தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளையும் நிலக்கரி நிறுவன ஊழியர்கள் வாழும் நெய்வேலி நகரியத்துப் பிள்ளைகளையும் ஒரே பட்டியலில் வைத்து ஆசிரியர்களை வரிசைப்படுத்துவதில் என்ன நியாயம்? விடைத்தாள்களை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள்: எந்தக் கேள்வியில் வகுப்பே விழுந்தது என்று பார்த்தால் எதைத் திரும்ப நடத்த வேண்டும் என்பது தெரியும்.

வெளிநாட்டு அனுபவமும் இதைத்தான் காட்டுகிறது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், அனுபவமுள்ள சக ஆசிரியர்கள் ஆண்டில் பலமுறை வகுப்பைப் பார்த்து விரிவாகக் கருத்துச் சொன்ன திட்டத்தில், பணியின் நடுப்பகுதியில் இருந்த ஆசிரியர்களின் மாணவர்கள் கணிதத்தில் முன்னேறினார்கள். அந்த முன்னேற்றம் மதிப்பீட்டு ஆண்டு முடிந்த பின்னும் தொடர்ந்தது. மாறாக, மதிப்பீட்டைப் பணி முடிவுகளோடும் ஊக்கத்தொகையோடும் இணைத்து, பெரும் பணம் செலவிட்ட இன்னொரு திட்டத்தை ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து 2018-இல் அறிக்கை தந்தது. மாணவர்களிடம் எதிர்பார்த்த முன்னேற்றம் வரவில்லை.

ஆறாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளிடமும் கேட்கலாம். பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் "புரியாதபோது கேட்க முடிகிறதா?" போன்ற இரண்டு மூன்று கேள்விகள். சீட்டுகளை அந்த ஆசிரியரே வாங்கி, அவரே படிக்கட்டும். உங்களிடம் காட்டுவதும் காட்டாததும் அவர் விருப்பம்.

முரண்டு பிடிக்கும் இடங்கள்

"ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு, என்னைப் போய்ப் பார்க்கிறீங்களா?" என்று கேட்கும் மூத்த ஆசிரியர் எல்லாப் பள்ளியிலும் இருப்பார். அவரைப் பார்க்கப் போகாதீர்கள்; பார்க்கக் கூப்பிடுங்கள். "அண்ணே, புதுசா வந்த டீச்சர் வகுப்பை நீங்க போய்ப் பார்த்துச் சொன்னா நல்லா இருக்கும்" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். இன்னொருவர் வகுப்பில் கோடு போட்டுவிட்டு வந்தவர் தன் வகுப்பிலும் கோடு போட்டுப் பார்ப்பார்.

நீங்கள் வரும் நாளுக்கென்று அட்டை, சார்ட், பாட்டு என்று தனிப்பாடம் தயார் செய்பவர்கள் இருக்கிறார்கள். குறை சொல்லாதீர்கள். அடுத்த முறை முன்கூட்டிச் சொல்லாமல் போய் மடக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். அது ஆய்வு நோட்டின் வழி. நோட்டுகளைப் பார்ப்பதன் மூலம் தினசரி வகுப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஒருநாளுக்காக யாரும் ஜூன் மாதத்திலிருந்து நோட்டு எழுத முடியாது.

இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகும் ஒருவரிடம் அசைவே இல்லை என்றால்? குறித்த மாற்றம் பெரிதாக இருந்ததா என்று முதலில் பாருங்கள். அப்புறம் வேறு ஆசிரியர் ஒருவரைச் சேர்த்துவிடுங்கள்; உங்களிடம் பேச முடியாதது அவரிடம் முடியலாம். அதுவும் நடக்காமல், பிள்ளைகள் பாதிக்கப்படுகிறார்கள் என்றால் ஆய்வு நோட்டைத் திறக்கத்தான் வேண்டும். அவரிடம் நேராகச் சொல்லிவிட்டுத் திறங்கள். வளர்ச்சி நோட்டில் எழுதிய எதையும் ஆதாரமாக அங்கே கொண்டுபோகக் கூடாது. புதிதாகப் பார்த்து, புதிதாக எழுதுங்கள்.

பணிமாறுதல் கலந்தாய்வு முடிந்து ஒரு ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போகும்போது வளர்ச்சிக் குறிப்புகளை என்ன செய்வது என்று கேட்பார்கள். அவர் பக்கங்களை அவரிடமே கொடுத்துவிடுங்கள். புதிய பள்ளித் தலைமையாசிரியரிடம் காட்ட வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். நீங்களே மாறுதலில் போனால் மீதிப் பக்கங்களையும் உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். உங்களுக்குப் பின் வருபவரிடம் ஆய்வுப் பதிவேடு மட்டும் போனால் போதும்.